வேண்டாம் என்றான் கிளைவ்

ஸ்காட்லாந்தின் வடக்கே விக் ஊரைத் தாண்டியதும் காற்று வேனை ஓரமாகத் தள்ள ஆரம்பித்தது. பெவர்லி ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அவள் கணவன் கிளைவ். முன்னால் நெவில், ஸ்டூவர்ட், மொய்ரா மூவரும் தலை குனிந்து சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மஞ்சள் சட்டைகளின் முதுகில் கிளைவின் முகம் அச்சடிக்கப்பட்டிருந்தது. நோய் வருவதற்கு முன் எடுத்த படம். நெவிலுக்கு அகன்ற முதுகு, அதில் மட்டும் கிளைவ் கொஞ்சம் குண்டாக இருந்தான். நாட்டின் தெற்குக் கோடியில் கிளம்பிய நாளிலிருந்து தன் முகத்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறான்.

தசைகளை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் அவனுக்கு. முதலில் கை தளர்ந்தது, பிறகு கால். இப்போது நாக்கு தடித்துவிட்டது. வாயில் சுடுகிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரி பேசினான். சொல்வது புரியும், நிதானமாகக் கேட்டால். இந்தச் சவாரியில் திரட்டிய பணம் அந்த நோயின் ஆராய்ச்சிக்குப் போகிறது. ஆராய்ச்சி முடியும்வரை கிளைவ் இருக்கமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. அதனால் சைக்கிள் மிதித்தார்கள்.

கிளைவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நாட்டின் வடக்குக் கோடியான ஜான் ஓ கிரோட்ஸில், கடலோரத்தில், சாலை முடிகிற இடத்தில் முழங்கையில் மாட்டிக்கொள்ளும் இரண்டு ஊன்றுகோல்களில் சாய்ந்து நிற்க வேண்டும். அவர்கள் வந்து சேரும்போது அவன் நின்றுகொண்டிருக்க வேண்டும். அதற்காகத் தினமும் காலையில் விடுதிக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்று பழகினான். அடுத்த மாதம் அதுவும் முடியாது. அவனுக்கே தெரிந்தது.

"இன்னைக்கு நிப்பேன், பெவ்," என்றான்.

"நிப்ப, நிப்ப," என்றாள். கண் சாலையைவிட்டு விலகவில்லை.

கடைசி மேட்டின் உச்சியில் வண்டிகளை நிறுத்திவிட்டு டீ குடிப்பதாக ஏற்பாடு. அங்கிருந்து கீழே ஒரு மைல்தான். மேட்டில் இன்னொரு வேன் நின்றிருந்தது. அதன் பக்கத்தில், முன்பக்கம் நாற்காலி பொருத்திய மூன்று சக்கர சைக்கிள். நாற்காலியில் பலூன் கட்டியிருந்தார்கள்.

நெவில் வேன் கதவைத் திறந்தான். குழாய் வேலை செய்கிறவன், பெரிய கைகள். முகமெல்லாம் சிரிப்பு.

"எறங்குடா சோம்பேறி. வழி பூரா சீட்டுல சாஞ்சு தூங்கிட்டே வந்துட்ட. கடைசி மைலு நீயும் ரோட்டுல வரணும்."

கிளைவ் சைக்கிளைப் பார்த்தான். பலூனைப் பார்த்தான்.

"வேண்டாம்," என்றான்.

"ஆரம்பிச்சிட்டாண்டா," என்றான் ஸ்டூவர்ட்.

அவர்கள் சைக்கிள் சங்கத்தில் யாரும் எதற்கும் நேராகச் சரி என்று சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சவாரிக்குக் கூப்பிட்டால் "எனக்கு வேற பொழப்பு இல்லையா" என்பார்கள். மழையில் முதல் ஆளாக வந்து நிற்பதும் அவர்கள்தான். கேக் வேண்டாம் என்பவன் இரண்டு துண்டு தின்பான். சரி என்று சொல்கிறவனை உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். ஒருமுறை வேல்ஸ் மலையில் நெவில் ரோட்டோரத்தில் மல்லாந்து படுத்து, முடியாது, என்னை விட்டுவிடுங்கள் என்று அழுதான். கிளைவ்தான் சிரித்துக்கொண்டே அவனை எழுப்பி, முதுகில் கைவைத்து உச்சிவரை தள்ளிக்கொண்டு போனான். தன் வாழ்நாளிலேயே நல்ல நாள் அதுதான் என்று நெவில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"வேண்டாம்டா நெவில். நான் கீழ நிக்கிறேன். நீங்க வாங்க."

"நீ நின்னு என்ன பண்ணப் போற? கொடி அசைக்கப் போறியா?" நெவில் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். கிளைவின் எடை இப்போது ஒரு மூட்டைக்கும் குறைவு. "என் முதுகுல கை வச்சுத் தள்ளினியே, ஞாபகம் இருக்கா? அப்ப நான் கத்துனதைக் கேட்டியா?"

கிளைவுக்குப் பதில் இருந்தது. அதைச் சொல்ல நீளமான ஒரு வாக்கியம் வேண்டும். நாக்கு அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலேயே சிக்கிக்கொண்டது. அதற்குள் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, மொய்ரா நெஞ்சுக்குக் குறுக்கே பட்டை மாட்டிவிட்டாள். ஓய்வுபெற்ற நர்ஸ், வேலை சுத்தமாக இருந்தது.

"மூஞ்சியப் பாரு, ராணி ஊர்வலம் போற மாதிரி," என்று கன்னத்தைத் தட்டினாள்.

பெவர்லி குனிந்து அவன் காலுக்குப் போர்வை சுற்றினாள். கிளைவ் அவள் சட்டைக் கையை இரண்டு விரல்களால் பிடித்தான். அந்த விரல்கள்தான் மீதி.

"பெவ். நெசமா வேண்டாம். எறக்கிவிடு."

அவள் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள். எது விளையாட்டு, எது நெசம் என்று அவளுக்குத் தெரியும். கிளைவ் அவள் முகத்தில் அது தெரிவதைப் பார்த்தான்.

"கீழ எல்லாரும் காத்துட்டு இருக்காங்க, கிளைவ்," என்றாள் மெதுவாக. "பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்க. ஸ்டூவர்ட் ஒரு மாசமா அலைஞ்சு இந்த வண்டியக் கொண்டாந்திருக்கான். ஒரு மைலுதான். கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிடும்."

"நான் நிக்கணும்."

"அப்புறம் நிக்கலாம்." போர்வை நுனியைச் செருகிவிட்டு வேனுக்குப் போய்விட்டாள்.

இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்தது. எதிர்காற்று கிளைவின் வாயைத் திறந்து உள்ளே புகுந்தது. கழுத்து தாங்கவில்லை, தலை நெஞ்சில் சரிந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கக் கை வரவில்லை. பின்னால் நெவில் மூச்சிரைக்கப் பாடிக்கொண்டே மிதித்தான். கீழே கைதட்டல் கேட்டது. கிளைவுக்குத் தன் போர்வை மட்டும்தான் தெரிந்தது.

"அழறாரு பாரு, பாவம்," என்றது ஏதோ ஒரு பெண் குரல். "எவ்வளவு சந்தோஷம் அவருக்கு!"

வண்டி நின்றது. ஸ்டூவர்ட் அவன் நெற்றியைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினான். மொய்ரா அவன் கையைப் பிடித்து வானத்தை நோக்கி உயர்த்தினாள். படம் எடுத்தார்கள். நெவில் குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த அழுகையில் பொய் எதுவும் இல்லை. அதுதான் கிளைவால் தாங்க முடியாததாக இருந்தது. திட்டக்கூட ஆள் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லுங்க சார்," என்று பத்திரிகைக்காரப் பையன் போனை நீட்டினான்.

கூட்டம் அடங்கியது. கிளைவ் எச்சிலை விழுங்கினான். ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளினான்.

"நான் வேண்டாம்னு சொன்னேன்."

நெவில்தான் முதலில் வெடித்துச் சிரித்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "சாகுறவரைக்கும் இவன் மாறவேமாட்டாண்டா!" சொன்ன பிறகுதான் ஸ்டூவர்ட்டுக்குத் தான் சொன்னது உறைத்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகச் சிரித்தான்.

பெவர்லி மட்டும் சிரிக்கவில்லை. ஊன்றுகோல்களை எடுத்துவந்து, பட்டையைக் கழற்றி, அவனை முன்னால் நகர்த்தினாள். கிளைவ் பாதங்களைத் தரையில் வைத்தான். குளிரில் விறைத்த கால்கள். காலையில் நின்ற அதே கால்கள்தான், ஆனால் அவற்றில் இப்போது ஒன்றுமே இல்லை. முழங்கால் மடங்கியது. ஒரே நேரத்தில் நாலைந்து கைகள் அவனைத் தாங்கின.

"பாத்து, பாத்து! புடிச்சுக்கோ!"

"வேனுக்குத் தூக்கிடலாம், குளுருது அவனுக்கு."

தூக்கினார்கள். ஊன்றுகோல்கள் பெவர்லியின் கையிலேயே இருந்தன. அவள் அவர்களுக்குப் பின்னால் நடந்தாள். நெவிலின் தோளுக்கு மேலாக கிளைவ் அவளையே பார்த்துக்கொண்டு போனான். அவள் வேன் சாவியைத் தேடுகிற மாதிரி பைக்குள் கையை விட்டாள். சாவி வேனிலேயேதான் இருந்தது.