வெள்ளிக்கிழமை எழுதிய வரி

மார்ச் மாத ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஹார்லன் கிரீக் கல்லூரியின் விளையாட்டு அரங்கில் ஊரே கூடியிருந்தது. சிப்ஸ் பொட்டலத்தைக் கிழித்து, அதற்குள்ளேயே கறியையும் சீஸையும் கொட்டித் தின்றுகொண்டே எல்லோரும் பெரிய திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்குப் போகும் அறுபத்தெட்டு அணிகளின் பெயர்களை இன்னும் ஒரு மணி நேரத்தில் அறிவித்துவிடுவார்கள்.

நோரீன் ஸ்டாக்கர் மட்டும் எதையும் தின்னவில்லை. பதினாறு வருடங்களாக அந்த அணியின் காயங்களைக் கவனிப்பவள் அவள். கட்டுப் போடுவது, ஐஸ் வைப்பது, யார் ஆடலாம், யார் கூடாது என்று சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி வரை அணி இருபத்தோரு ஆட்டங்களில் ஜெயித்திருந்தது. அன்றுதான் கீனன் பிராட்டிக்கு இடது பாதத்தின் வெளிப்பக்க எலும்பில் விரிசல் விட்டது. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவனே அவன்தான். அவன் ஆடாமல் உட்கார்ந்த பிறகு ஆறு ஆட்டங்களில் நான்கு தோல்வி. அதில் ஒன்று, சொந்த அரங்கில், கடைசி இடத்தில் கிடந்த அணியிடம். ஆகவே அந்த அறுபத்தெட்டு அணிகளைப் பொறுக்கும் தேர்வுக் குழுவின் முன்னால் ஒரே கேள்விதான் இருந்தது. ஜனவரியில் ஆடிய அணி வரப்போகிறதா, மார்ச்சில் ஆடும் அணியா? கீனன் திரும்பி வருவான் என்றால் அந்தத் தோல்விகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பார்கள். வரமாட்டான் என்றால் தோற்றது தோற்றதுதான்.

அந்தக் கேள்விக்குரிய பதிலை வெள்ளிக்கிழமை காலை எழுதி அனுப்பியவள் நோரீன்.

"ஒரே ஒரு வரி நோரீன்," என்றார் பயிற்சியாளர் ரூடி ஹால்வர்சன், குழு கேட்டிருந்த படிவத்தை அவள் மேசைமேல் வைத்து.

"ஸ்கேன்ல இன்னும் நாலு வாரம்னு இருக்கு, கோச்."

"ஸ்கேனை யார் கேட்டா? ஆட வாய்ப்பிருக்கான்னுதான் கேக்குறாங்க. வாய்ப்பு எங்கேயும் இருக்கும். நீ என்ன ஜோசியக்காரியா, இல்லேன்னு அடிச்சுச் சொல்ல? முப்பத்தோரு வருஷம் ஆச்சு நம்ம காலேஜ் அங்கே போயி. இந்தப் பசங்களோட மூஞ்சியைப் பார்த்துட்டு அப்புறம் எழுது."

அவள் எழுதினாள். 'முதல் ஆட்டத்துக்குத் தயாராகிவிடுவார் என எதிர்பார்க்கிறோம்.' கீழே கையெழுத்து.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் லீக் போட்டியின் அரையிறுதி ஆட்டம் தொலைக்காட்சியில் போனது. குழுவினர் கட்டாயம் பார்ப்பார்கள். கீனனின் காலில் இருந்த கனத்த பாதுகாப்புக் காலணியைக் கழற்றி, இறுகக் கட்டுப் போட்டு, ஆட்டக் காலணியை மாட்டி, கயிற்றையும் அவளே முடிந்துவிட்டாள். ஆட்டம் தொடங்குமுன் அவன் நின்ற இடத்திலிருந்தே கூடையை நோக்கிப் பத்துப் பந்து எறிந்தான். கேமரா அவனை இரண்டு முறை காட்டியது. அவன் இறங்காத அந்த ஆட்டத்தில் அணி தோற்றது. கீனன் நன்றாக இருக்கிறான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

இப்போது திரையில் கடைசிப் பட்டியல் வந்தது. கடைசிக்கு முந்தைய பெட்டியில் 'ஹார்லன் கிரீக்'.

அரங்கம் இரண்டாகப் பிளந்ததுபோல் சத்தம். ரூடி அழுதார். திரையில் இருந்த விமர்சகர் சொன்னார்: "பிராட்டி திரும்பி வர்றார். அதனாலதான் இவங்க உள்ளே, டன்மோர் அணி வெளியே." கூட்டம் கீனன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவன் எழுந்து கையசைத்தான். உடல் எடை முழுவதையும் வலது காலில் போட்டு நின்றதை நோரீனைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை. நோரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவன் அவளுடைய அறைக்கு வந்து மேசைமேல் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினான்.

"கட்டு போடுங்க. இன்னிக்கு ஓடணுமாம்."

"யார் சொன்னது?"

"கோச். பத்து நிமிஷம் ஆடினா போதும்னு சொல்றார்."

நோரீன் கட்டுச் சுருளை எடுக்கவில்லை. "ஓடினா அது முழுசா உடையும், கீனன். ஸ்க்ரூ போடணும். கோடையில சம்பளம் குடுத்து ஆள் எடுக்கிற ப்ரோ டீம்காரங்க உன்னைப் பார்க்க வர்றப்போ நீ ஊன்றுகோலோட நிப்பே."

"தெரியும். என் கால்தானே."

"தெரிஞ்சுமா வந்தே?"

"பின்னே? என்னை வெச்சுத்தானே கூப்பிட்டிருக்காங்க. நான் உக்காந்தா நல்லாவா இருக்கும்?" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நீங்க எழுதினது கோச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லலை. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. போடுங்க."

இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அவள் வேலையைக் காப்பாற்ற விரிசல் விட்ட எலும்பை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நோரீனுக்கு முகம் கொதித்தது.

"ஆட முடியாதுன்னு இப்பவே எழுதிடறேன்."

"இப்பவா?" அவன் குரல் உயர்ந்தது. "வெள்ளிக்கிழமை எழுதியிருந்தா வீட்ல உக்காந்து டிவி பார்த்திருப்போம். அவ்வளவுதான். இன்னிக்கு எழுதினா என்ன சொல்வாங்க தெரியுமா? பிராட்டி காலணி மாட்டி நாடகம் ஆடினான், டன்மோர் பசங்க இடத்தைத் திருடினான்னு சொல்வாங்க. உங்க பெயர் எவனுக்குத் தெரியும்? என் மூஞ்சிதான் டிவில வந்தது."

அவன் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை.

அவன் போனதும் நோரீன் தேர்வுக் குழுவின் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பட்டியல் முடிஞ்சு போச்சும்மா. இனி யாரையும் மாத்த மாட்டாங்க. தகவலை மட்டும் குறிச்சுக்கறேன்," என்றார். அலுவலகத்தில் ஒரு குறிப்பேட்டுக்குள் போய் அது முடங்கிவிடும். கீனன் தலையில் விழப்போகும் பழி அப்படியேதான் இருக்கும்.

ஒரு மணிக்கு நிருபர்கள் கூட்டம். நான்கு கேமரா, எட்டுப் பத்து பேர். ரூடி மைக்கின் முன்னால் உட்கார்ந்து தமாஷ் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கீனன். நோரீன் வழக்கம்போல் பின்சுவர் ஓரம் நின்றாள்.

"வியாழக்கிழமை முதல் ஆட்டத்துல பிராட்டி ஆடுவாரா?"

"ஆடாம?" என்றார் ரூடி. "அவனைக் கட்டிப் போட்டாத்தான் நிப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். கீனன் மேசையைப் பார்த்தான்.

"ஆட மாட்டான்," என்றாள் நோரீன்.

குரல் பாதிதான் வந்தது. தலைகள் திரும்பின. மறுபடி சொன்னாள். "ஆட மாட்டான். வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். தயாராகிடுவான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். சனிக்கிழமை அந்தக் காலணியை மாட்டிவிட்டதும் நான். அவன்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்கலை."

"நோரீன், வெளியே போ," என்றார் ரூடி, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு. கேமராக்கள் ஏற்கெனவே அவள் பக்கம் திரும்பியிருந்தன. கீனன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை. தோள்கள் மட்டும் கொஞ்சம் இறங்கின.

முன்வரிசையில் சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஒரு முதியவர் நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினார்.

"நான் டன்மோர் பத்திரிகையிலேருந்து வர்றேன்மா," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "எங்க பசங்கள்ல அஞ்சு பேருக்கு காலேஜ்ல இது கடைசி வருஷம். உங்க முழுப் பெயரும், என்ன வேலைன்னும் சொல்றீங்களா?"

நோரீன் சுவரிலிருந்து முதுகை எடுத்து, அவர் எழுதுவதற்குத் தோதாக, நிதானமாகச் சொன்னாள்.