மாற்ற மறந்த சிப்

திகனயில் பிரின்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஊரார் என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பார்கள்; கோபக்காரன் என்றும் பெயர். கள்ளன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அன்று ஹுன்னஸ்கிரிய தோட்டப் பாடசாலையிலிருந்து ஷாமலா டீச்சர் வந்தார். கூட வந்த கிளார்க் ரவிகுமார் படியேறாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். போன வாரம் என்னிடம் வாங்கிய புது டோனரை, பிரின்டருக்குள் போடும் மைத்தூள் டப்பாவை, டீச்சர் மேசையில் வைத்தார்.

"இத போட்டா, பாவிச்ச பழைய டோனர்னு மெஷின் காட்டுது நானா. நம்பரும் போன வருஷம் நாங்க கழட்டினதோட நம்பர்தான். ரவி புதுச வித்துட்டு பழசப் போட்டுட்டாருன்னு அதிபர் சொல்றாரு. நாளைக்கு மேலிடத்துக்கு எழுதப் போறாராம். வேலையே போயிடும்."

"மெஷினுக்கு என்ன தெரியும்?" என்று பாய்ந்தேன். பாய்ந்த கையோடு எனக்கு விளங்கிவிட்டது. டோனரின் ஓரத்தில் நகமளவு சிப் ஒன்று இருக்கும். இது எந்த டோனர், எத்தனை பக்கம் அடித்தது என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். காலி டோனர்களில் தூள் நிரப்பி, வேறு சிப் ஒட்டி, புதுப் பெட்டியில் போட்டு விற்பது என் வழக்கம். இதில் சிப்பை மாற்ற மறந்திருக்கிறேன். போன வருடம் இந்தக் காலி டோனரை என்னிடம் கொண்டுவந்து தந்ததும் ரவிகுமார்தான்.

"கம்பெனியிலயே பிழை வந்திருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க நானா. நீங்க சொன்னா அதிபர் நம்புவாரு" என்றார் டீச்சர்.

எவ்வளவு வசதியான பொய். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்காக நானா பொய் சொல்ல வேணாங்க டீச்சர்" என்றார் ரவிகுமார் வாசலிலிருந்து. "நடந்தத சொன்னா போதும்."

காது இரண்டும் சுட்டன. டீச்சரின் போனை வாங்கி அதிபரிடம் பேசினேன்.

"சேர், புதுசுன்னு நான் தந்தது தூள் நிரப்பின பழசு. ரவிகுமார் மேல ஒரு பிழையும் இல்ல."

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின் மேல் நான் ஒட்டியிருந்த பளபளப்பான ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ரவிகுமார் அப்போதுதான் படியேறி உள்ளே வந்தார்.

"பெரிய உதவிங்க நானா" என்றார், மனதாரத்தான்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இதற்குத் தலை குனியத்தான் முடிந்தது.