மிரளாத மந்திகள்

கண் படைத்தோரே, இப்பக்கம் சற்று வாருங்கள். எழுதுமட்டுவாள் ஊரின் பற்றைக்காட்டின் ஓரம், பாலை மரத்தடியில் கிடக்கும் இந்தக் கருமுக மந்தியைப் பாருங்கள். வெடி நெஞ்சிலே பட்டிருக்கிறது. ஓடிய விலங்குக்கு முதுகில் அல்லவா பட்டிருக்கும்? இவள் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பது, மந்திகளை ஆராய வந்த தக்சாயினிக்குத் தெரியும். இந்த உடலருகே குந்தியிருக்கிறாள் அவள்.

கொக்குவிலிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வந்து, ஒரே மண்ணிறச் சட்டையோடு, இதே மரத்தடியில், அசையாமல் மாதக்கணக்காக இருந்தவள் அவள். மனிதரைக் கண்டு மிரளும் மந்தியின் வாழ்வை ஆராய முடியாது. ஆகவே அவற்றின் அச்சத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்தாள். அச்சம் போனபின் அவற்றைக் காப்பது எது என்று அவள் எண்ணவில்லை.

வேலிக்கு அப்பால் தென்னங்காணிக்காரர் சீவரத்தினம் துவக்கோடு நின்றார். அதை ஒளிக்கவும் இல்லை.

“நீங்களோ அண்ணை சுட்டது?”

“ஓம் பிள்ளை. முந்தி உதுகள் என்ரை நிழலைக் கண்டாலே பறந்திடுங்கள். இப்ப உன்ரை சட்டை நிறத்திலை ஒண்டு போட்டால் போதும், கலியாண வீட்டுச் சனம் மாதிரி வரிசையாய்க் குந்துதுகள்.”

“பாவமாய் இல்லையோ?”

“உதுகள் திண்டு குரும்பை ஒண்டும் மிஞ்சேல்லை. பிரதேச சபைக் கந்தோரிலை போய்ச் சொன்னால், மரத்திலை ஏறித் துரத்தட்டாம். உன்ரை மந்திக்கு நீ இருக்கிறாய். என்ரை தென்னைக்கு ஆர் இருக்கினம்? நாளைக்கும் வருவன், சொல்லிப்போட்டன்.”

அவள் அண்ணாந்து பார்த்தாள். எஞ்சிய மந்திகள் கிளைகளில் அமைதியாக இருந்தன. ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். இளங்கடுவன் ஒன்று, என்னவென்று பார்க்க ஒரு கிளை கீழே இறங்கியது. அடுத்த கல் அதன் தோளில் பட்டது. அது அலறிய பிறகே கூட்டம் கலைந்து காட்டுக்குள் பாய்ந்தது. இனி அவை அவளையும் அண்டா. அவளுடைய ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

“உந்த வேலையை முதலே செய்திருக்கலாம்,” என்றார் சீவரத்தினம்.

“செய்திருந்தால் உதுகளைப் பற்றி ஒண்டும் தெரிஞ்சிருக்காது அண்ணை.”

“தெரிஞ்சு என்ன கண்டது?”

எறிந்த கை வலித்தது.

விடை சொல்ல வேண்டியவர்கள் நாம். காட்டை வெட்டிக் காணியாக்கினோம். அதன் நட்டத்தை ஒரு கமக்காரனின் தலையிலும் ஒரு மந்தியின் நெஞ்சிலும் இறக்கினோம். அடுத்த பிரதேச சபை அமர்வுக்கு வீட்டுக்கொருவராகப் போங்கள். தென்னைக்கு இழப்பீடும் காவலும், மந்திக்கு வெட்டப்படாத காடும் எழுத்திலே கிடைக்கும்வரை அந்த மண்டபத்தை விட்டு எழும்பாதீர்கள்.