துறைக்கு ஒரு விதிவிலக்கு

எங்க பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு யார் விண்ணப்பம் போட்டாலும் அது என் மேஜை வழியாத்தான் போகணும். நிதி கொடுக்கறவங்க வைக்கற கெடுவுக்கு அஞ்சு வேலை நாள் முன்னாடியே எங்க ஆபீசுக்கு வந்துடணும். நான் சரிபார்த்து, என் கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனை அமுக்கினாத்தான் அது வெளியே போகும். அந்தப் பட்டன் வேற யார்கிட்டயும் கிடையாது. பத்தொன்பது வருஷமா இதான் என் பொழப்பு.

லேட்டா வந்தா விதிவிலக்கு கேட்கணும். துறைக்கு வருஷத்துக்கு ஒண்ணுதான். முன்னெல்லாம் இஷ்டத்துக்குக் கொடுத்தோம். ஒரு பேராசிரியருக்கு மூணு வருஷத்துல மூணு தடவை மாமனார் செத்தார். கடைசியில அந்த மாமனாரே மகளைப் பார்க்க வந்து, எங்க வாசல்ல நின்னு வழி கேட்டார். அப்புறம்தான் ஒண்ணுன்னு ஆச்சு.

வேதியியல் துறைத்தலைவருக்கு நாங்க வச்ச பேரு 'அஞ்சு நிமிஷம்'. எதைக் கேட்டாலும் அதான் பதில். அந்த அஞ்சு நிமிஷம் வாரக்கணக்குல ஓடும்.

அன்னிக்கு அவர் துறையில ஒப்பந்தத்துல வேலை பார்க்கற பொண்ணு ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்து நின்னா. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, சார் இப்பதான் கையெழுத்துப் போட்டார்."

"எப்ப கொடுத்தீங்க?"

"பன்னெண்டு நாள் ஆச்சுக்கா."

ஃபைல் அட்டையில டீ கிளாஸ் வச்ச வட்டம் ரெண்டு இருந்தது. கெடு அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி. அந்த மாசத்தோட அவ ஒப்பந்தம் முடியுது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தா இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பாங்க, போகலைன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ரெண்டு வருஷமா ஊர் ஊரா அலைஞ்சு கிணத்துத் தண்ணிய பாட்டில்ல பிடிச்சு உப்பு பார்த்தவ. வேலை போகுதுன்னு கேட்டதுமே மாமியார் பரண்ல இருந்து பெட்டிய இறக்கி வச்சுட்டாங்களாம், புருஷன் இருக்கற ஊருக்கே போயிடலாம்னு.

பதிவேட்டைப் புரட்டினேன். வேதியியலோட விதிவிலக்கு ஜனவரியிலேயே போயிருந்தது. வாங்கினவர் யாரு? நம்ம அஞ்சு நிமிஷமேதான். வாங்கினாரே தவிர விண்ணப்பம்னு ஒரு தாள்கூட வரலை. பயன்படுத்தலைன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தா அது துறைக்கே திரும்பிடும். அவளைக் கூட்டிக்கிட்டு நேரா அவர் அறைக்குப் போனேன்.

மனுஷன் பிஸ்கெட்டை டீயில தோய்ச்சுக்கிட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அனுப்பலைன்னு நான் எழுதித் தரணுமா? நான் அனுப்பிட்டேனே மேடம்!"

"சார், பட்டன் என்கிட்ட இருக்கு."

"அப்ப உங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

கூசாம சொன்னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. அந்தப் பொண்ணு பக்கத்துல நிக்கறாளேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

அவர் பிஸ்கெட்டை முழுங்கிட்டு, "சரி, ஒரு வழி இருக்கு. விதிவிலக்கு என் பேர்லதானே இருக்கு? இந்த ப்ரபோசல்ல முதல் பேரா என் பேரைப் போட்டுடுங்க. இவங்க ரெண்டாவதா இருக்கட்டும். யாரும் எதையும் எழுதித் தர வேண்டாம்"னார்.

எப்படி இருக்கு பாருங்க! கிணறு இருக்கற திசைகூட அந்த ஆளுக்குத் தெரியாது. எங்க ஆபீஸ் இயக்குநருக்கு போன் போட்டேன். "அடடே, நல்ல யோசனையா இருக்கே"ன்னு அவரும் கை கழுவிட்டார்.

"போடுங்கக்கா"ன்னா அவ, தரையைப் பார்த்துக்கிட்டே.

போட்டோம். நாலு மணிக்கு எல்லாம் தயார். முதல் பேர்க்காரர் தன்னோட பாஸ்வேர்டைப் போட்டு ஒப்புக்கிட்டா போதும், நான் பட்டனை அமுக்கிடுவேன். போன் பண்ணினேன்.

"அஞ்சு நிமிஷத்துல வரேன் மேடம்."

நாலரை ஆச்சு. யாரோ விருந்தாளியோட கேன்டீன்ல இருக்கார்னாங்க. நாலே முக்காலுக்கு போனை எடுக்கலை. அவ சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கறா, நான் அவளைப் பார்க்கறேன்.

நாலு ஐம்பதுக்கு, "விடுங்கக்கா, என் தலையெழுத்து"ன்னு ஃபைலை மூடினா.

"தலையெழுத்தாவது மண்ணாவது! அந்த ஆள் பேரை எடு, உன் பேரைப் போடு, உன் பாஸ்வேர்டைத் தட்டு"ன்னு கத்தினேன். மரியாதையெல்லாம் பறந்து போச்சு. அவ அவசரத்துல ரெண்டு தடவை தப்பாத் தட்டினா. மூணாவது தடவை சரியா விழுந்தது. விதிவிலக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாலு ஐம்பத்தேழுக்குப் பட்டனை அமுக்கிட்டேன்.

அஞ்சே காலுக்கு நம்ம அஞ்சு நிமிஷம் வாயைத் துடைச்சுக்கிட்டே வந்தார். போயிடுச்சுன்னேன். யார் பேர்லன்னார். சொன்னேன். வந்த வழியே திரும்பிப் போயிட்டார்.

மறுநாள் எனக்கு மெமோ. விதியை மீறினது பத்தி விசாரணை, பதினஞ்சு நாள்ல அறிக்கை. விசாரணை அதிகாரி யாருன்னு பார்த்தா, அஞ்சு நிமிஷம்! ஆபீஸே விழுந்து விழுந்து சிரிச்சது. "அக்கா, நீங்க ரிட்டயர் ஆகி பேரன் பேத்தி எடுத்தப்புறம்தான் அறிக்கை வரும்"னாங்க. வீட்டுக்காரர்கூட, "நல்ல ஆளாப் பார்த்துத்தான் போட்டிருக்காங்க, போய்த் தூங்கு"ன்னார். நானும் நம்பித் தூங்கினேன்.

மூணாவது நாள் அவ ஒப்பந்தம் நீட்டின ஆர்டரைக் கொண்டுவந்து காட்டினா. ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதா. பெட்டிய மாமியார் திரும்பப் பரண்ல ஏத்திட்டாங்களாம்.

நாலாவது நாள் காலையில ஒரு உறை வந்தது. பதினோரு பக்கம். அழகா டைப் அடிச்சு, இணைப்பு வச்சு, ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிழை இல்லாம. கடைசிப் பக்கத்துல என்னை விடைத்தாள் கிடங்குக்கு மாத்தணும்னு சிபாரிசு.

எங்க ஆபீசுக்கு வர்ற தபாலை வாங்கி முத்திரை குத்தறதும் என் வேலைதான். குத்தினேன். பதிவேட்டுல 'கெடுவுக்குப் பதினோரு நாள் முன்னதாக'ன்னு என் கையாலேயே எழுதினேன். பத்தொன்பது வருஷத்துல அந்த ஆள் பேருக்கு நேரா அப்படி எழுதினது அன்னிக்குத்தான்.