ஸ்கூல் வரட்டும், நீங்க வேண்டாம்

மட்டாஞ்சேரியில் அந்தப் பள்ளிக்கூடத்துப் படியை சுபாஷிணி பல வருஷம் கழித்து மிதித்தாள். கூடவே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து கிராமப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் சிலர் வந்திருந்தார்கள். மாடியில் நடக்கப்போகும் கூட்டம் கிராமப் பள்ளிகளின் கூட்டமைப்பைப் பற்றியது. அவள் வந்தது அந்தப் பள்ளியின் முதல்வர் வெங்கிடராமனின் தலை குனிவதைப் பார்க்க.

முன்பு அவரிடம் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள் அவள். பள்ளுருத்தியில் வாடகை வீடு. அம்மா சந்தனமாரி கட்டட வேலைக்குப் போய்த்தான் மகளைப் படிக்கவைத்தாள். ஒருநாள் சுபாஷிணி பாடம் நடத்தும்போது வெங்கிடராமன் உள்ளே வந்து, அவளுடைய தமிழ் வாடையடிக்கும் மலையாளத்தை அவளைப் போலவே பேசிக்காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஆசிரியர் அறையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "சித்தாள் பொண்ணுக்கு டவுன் ஸ்கூல் சரிப்படாது. கிராமத்து ஸ்கூலுக்குப் போகட்டும்."

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அந்த கிராமப் பள்ளியும், மட்டாஞ்சேரிப் பள்ளியை நடத்தும் அதே அறக்கட்டளையுடையதுதான். மூடும் நிலையில் இருந்தது. பள்ளியோடு அவள் வேலையும் போகும் என்று தெரிந்தேதான் அவளைத் தலைமையாசிரியையாக அனுப்பினார்.

அங்கே கணக்குக்கு ஆளில்லை. அடுத்த ஊர்த் தலைமையாசிரியர் பாண்டித்துரையிடம் கணக்கு ஆசிரியர் இருந்தார், அறிவியலுக்கு ஆளில்லை. சுபாஷிணி நேரே போய்க் கேட்டாள்.

"உங்க கணக்கு சாரை எங்க பிள்ளைங்களுக்கு விடுங்க. உங்க பிள்ளைங்களுக்கு நான் அறிவியல் எடுக்கறேன்."

"தலைமையாசிரியரே வந்து எடுப்பீங்களா?"

"நானேதான். நீங்களும் எங்க ஸ்கூல்ல எடுக்கணும்."

அப்படித் தொடங்கியதில் சுற்றுவட்டாரப் பள்ளிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாயின. நின்றுபோன பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஊரார் அதைச் சேவை என்றார்கள். அவளுக்கு அது வஞ்சம். அந்தப் பள்ளி மூடாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் முகத்தில் அறைகிற நாள்.

இப்போது அறக்கட்டளை தன் மட்டாஞ்சேரிப் பள்ளியையும் அந்தக் கூட்டமைப்பில் சேர்க்க விரும்பியது. அதற்குத் தாமே தலைவர் என்று வெங்கிடராமன் பத்திரிகைகளுக்குச் சொல்லியும்விட்டார்.

"வாங்கோ சுபாஷிணி. எல்லாருக்கும் சாயா சொல்லியிருக்கேன்," என்று மாடியில் அவர் வரவேற்றார். பிறகு எழுந்து, இது தம்முடைய பள்ளியில் பிறந்த யோசனை என்று பேசினார்.

பாண்டித்துரை குறுக்கிட்டார். "எங்கள்ல தலைமையாசிரியர் எல்லாரும் அடுத்த ஸ்கூல்ல போய்ப் பாடம் எடுக்கறோமுங்க. நீங்க வருவீங்களா?"

"எனக்கு நிர்வாகம்தானே..."

"அப்ப எப்படிங்க தலைவரா இருப்பீங்க?"

மற்றவர்கள் ஒருவரும் அவருக்காகப் பேசவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சுபாஷிணி அவர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தாள். வெங்கிடராமன் அவளை வராந்தாவுக்கு அழைத்தார்.

"எம்மேல என்ன கோவம்? நான் என்ன பண்ணினேன்?"

"ஸ்டாஃப் ரூம்ல எங்கம்மாவப் பத்திச் சொன்னீங்களே."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "எனக்கு ஓர்மையே இல்லை, மறந்தே போச்சு கேட்டேளா."

அவர் மறுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தப் பள்ளியே வேண்டாம் என்று சொல்லிவிட வாயெடுத்தாள். பின்னாலேயே வந்திருந்த பாண்டித்துரை மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், இங்க நல்ல லேப் இருக்குது. நம்ம பிள்ளைங்க மைக்ராஸ்கோப்பைக் கண்ணால பார்த்ததில்லை."

சுபாஷிணி வெங்கிடராமனிடம் திரும்பினாள்.

"ஸ்கூல் வரட்டும். நீங்க வேண்டாம். லீவுல எங்க பிள்ளைங்க இங்க வந்து லேப்ல படிக்கணும். அதையும், தலைவர் நீங்க இல்லைங்கறதையும் உள்ள போய் நீங்களே சொல்லணும்."

"இல்லேன்னா?"

"நாங்க அடுத்த ரயிலுக்குக் கிளம்பறோம். பேப்பர்க்காரங்களுக்கு நீங்க பதில் சொல்லிக்கோங்க."

அவர் உள்ளே போய்ச் சொன்னார். இரண்டு தடவை பேச்சை நிறுத்தித் தண்ணீரைத் தேடினார். சுபாஷிணி தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. கண்ணை எடுக்காமல் கடைசிவரை பார்த்தாள். இரக்கம் வருமோ என்று பயந்திருந்தாள். வரவில்லை.

ரயிலைப் பிடிக்க எர்ணாகுளம் போகும் படகில் பாண்டித்துரை கேட்டார். "ஆறிடுச்சுங்களா டீச்சர்?"

"இல்ல. லீவுக்குப் பிள்ளைங்களை நானே கூட்டிட்டு வரேன். லேப் கதவை அவர்தான் திறந்துவிடணும். முதல் வரிசையில கட்டட வேலைக்காரங்க பிள்ளைங்களை உக்கார வைப்பேன்."