ஒரு சாண் தண்ணீர்

நடுக்குளத்து மண்டபத்தில் தெப்பம் ஒருமுறை இடித்தாலும் அதில் புதிதாகப் பொருத்திய மோட்டாரைக் கழற்றிவிட வேண்டும், தெப்பம் இழுக்கும் வடம் பழையபடி தன் குடும்பத்துக் கையிலேயே இருக்கும் என்று கோயிலாரிடம் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் கந்தன் வெள்ளோட்டம் பார்க்கக் குளத்துப் படியில் வந்து நின்றார். முன்வடம் பிடிப்பது நான்கு தலைமுறையாக அவர் வீட்டு உரிமை. போன வருஷம் இழுத்தவர்களில் மூன்று பேர் பாசியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார்கள். அதன்பிறகுதான் கோயிலார் காயத்ரியிடம் யோசனை கேட்டார்கள். வேறு யாராவது இதில் கைவைத்திருந்தால் அவர் ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். காயத்ரி அவர் மருமகள். நடுக்கடலில் நங்கூரமில்லாமல் கப்பலை ஓரிடத்தில் நிறுத்த எந்த ப்ரொப்பெல்லர் எவ்வளவு தள்ளவேண்டும் என்று கணக்கிட்டுப் பங்கிடுவது சென்னையில் அவள் வேலை.

சாமிக்குப் பதில் மணல் மூட்டை ஏற்றிய தெப்பம், மூலைக்கொரு ப்ரொப்பெல்லர் சுழல, தானாகவே கரையைவிட்டுக் கிளம்பியது.

"அடுத்து இன்னாண்ணே, சிலோனுக்கு உடுவீங்களா?" என்றார் பங்காளி பரசுராமன்.

கந்தன் தெப்பத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மண்டபத்தை வளையும்போது தெப்பத்தின் வால் உள்பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்துப் படியில் மடிக்கணினியை மடியில் வைத்திருந்த காயத்ரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பின்னால இடது பக்கத்துது தள்ளல மாமா."

"நல்லாத்தானே சுத்திக்கினு இருக்குது?"

"சுத்துது. ஆனா தள்ளல. தள்ளியிருந்தா தெப்பம் இந்நேரம் ரெண்டடி வெளிய வந்திருக்கணும்."

அவள் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. அந்த ஒன்றின் பங்கைப் பிரித்து மற்ற மூன்றுக்கும் கொடுத்தாள். மண்டபத்தின் கருங்கல்லை நோக்கிப் போன வால் தயங்கியது, நின்றது, கல்லை ஒட்டியே மெல்ல வழுக்கி வெளியே வந்தது. நாற்பது பேர் மூச்சுப்பிடித்து இழுத்தும் தான் ஒருநாளும் இத்தனை நேர்த்தியாகத் திருப்பியதில்லை என்று கந்தனுக்குத் தோன்றியது.

"இடிச்சிருச்சு! நான் பார்த்தேன்!" என்று கத்தினார் பரசுராமன்.

கோயிலார் எல்லோரும் கந்தனைப் பார்த்தார்கள். வளைவுக்கு நேரெதிரே நின்றவர் அவர்தான். காயத்ரி மட்டும் அவரைப் பார்க்கவில்லை.

"இடிக்கல," என்றார் கந்தன். "நடுவுல ஒரு சாண் தண்ணி இருந்திச்சு."

பரசுராமன் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, நம்ம வடம் போயிடும்ணே."

"தெரியும்டா."

காயத்ரி தெப்பத்தைக் குளத்தின் நடுவே நிறுத்தினாள். மேற்கிலிருந்து காற்று அடித்தது. தண்ணீர் முழுதும் சிலிர்த்துப் படிகளில் வந்து மோதியது. தெப்பம் மட்டும் நகரவில்லை. எங்கிருந்தோ வந்த நீர்க்காகம் ஒன்று மணல் மூட்டைமேல் இறங்கி, இறக்கைகளை அகல விரித்துக் காயவைக்க ஆரம்பித்தது.