நாற்பத்தோராம் எண் பேலே

திங்கட்கிழமை காலை வலைக்கூடத்துக்குள் நுழைந்த வசிதிக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. நாற்பத்தோராம் தொட்டியில் வெறும் குழிதான் இருந்தது. நாலு தீவு நாடுகள் சேர்ந்து நடத்தும் அந்தக் காய்கறி ஆய்வுப் பண்ணையில், வண்டு கடிக்காத பேலே கீரைச்செடி அது ஒன்றுதான். அவளுடைய ஐந்து வருஷ உழைப்பு.

சமையல்கார உனைசி அலட்டிக்கொள்ளவே இல்லை.

"சனிக்கிழமை விருந்துக்கு நான்தான் பறிச்சேன். முந்தின நாள் போன்ல கேட்டேனே."

கேட்டது உண்மைதான். எங்கள் பக்கம் ஒருவர் 'கெரெகெரே' என்று சொல்லிக் கேட்டுவிட்டால் இல்லை என்ற பேச்சே கிடையாது. எது, எவ்வளவு என்று விசாரிப்பதும் அசிங்கம். வேலியோரக் கீரை என்று நினைத்து, அவள் கேட்டு முடிக்கும் முன்பே "எடுத்துக்கோ அக்கா" என்று சொல்லித் தொலைத்திருந்தாள் வசிதி.

"ஓட்டையே இல்லாத இலைடீ. தேங்காய்ப்பால்ல போட்டதும் நீதான் ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டே."

பாவி வசிதி, தன் செடியைத் தானே தின்றிருக்கிறாள்.

"வேரு?"

"அடுப்புல போட்டேன்."

"தண்டு?"

"மத்த தீவுகள்லேர்ந்து வந்த விருந்தாளிகளுக்குக் கொடுத்தேன், ஊர்ல நட்டுக்கட்டும்னு."

விமான நிலையத்தில் செடிகொடி எதையும் விடமாட்டார்கள். அத்தனையும் குப்பைக்குப் போயிருக்கும்.

"உன் பையிலயும் ஒண்ணு வச்சேனே," என்றாள் உனைசி.

வைத்திருந்தாள்தான். விருந்தன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு பெனியாமி வேலிக்கு அந்தப்புறம் நின்று, பையில் நீட்டிக்கொண்டிருந்த குச்சியைக் காட்டி கெரெகெரே என்றார். இவளும் யோசிக்காமல் நீட்டிவிட்டாள். வசிதி காரை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

பெனியாமி கை கழுவிக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை ஓய்வு நாள், மண்ணைத் தொடக் கூடாதில்ல, அதான் இன்னைக்கு நட்டேன். என்கிட்ட இருந்ததையும் சேர்த்துப் பன்னிரண்டு."

குழாயடியில் பன்னிரண்டு குச்சிகள் ஒரே வரிசையில் நின்றன. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் துளி வித்தியாசம் இல்லை.

"இதுல நான் கொடுத்தது எது மாமா?"

"யாருக்கும்மா தெரியும்? வேணும்னா பன்னிரண்டையும் எடுத்துட்டுப் போ."

"இங்கேயே இருக்கட்டும். மருந்து மட்டும் அடிச்சிடாதீங்க. கெரெகெரே."

"வண்டு வந்து மொட்டையடிச்சிட்டுப் போயிடுமே."

"வரட்டும் மாமா. எதை விட்டுவைக்குதுன்னு பார்க்கணும்."

ஐந்து வருஷமாக வண்டைச் சபித்தவள், அது சீக்கிரம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அந்தக் குச்சிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.